பகலில் வீட்டில் இருப்பவர்கள்

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வாரியக் குடியிருப்பில் தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடிகள் உண்டு, லிஃப்ட் கிடையாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட பிறகு வடசென்னையில் எழுந்த பழைய அடுக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. நாற்பது வயதில் சாவி வாங்கிக் குடிவந்தவர்களுக்கு இப்போது எண்பது நெருங்கிவிட்டது. முழங்கால் தேய்ந்துபோன ஒருவருக்கு மூன்றாவது மாடியிலிருந்து இறங்குவது ஒரு வேலை என்றால், மறுபடியும் ஏறி வருவது அன்றைய நாளையே தின்றுவிடும் வேலை. மாதக்கணக்கில் தெருவை மிதிக்காதவர்கள் எங்கள் பிளாக்கிலேயே சிலர் உண்டு. பிள்ளைகள் அம்பத்தூர், மறைமலைநகர் என்று வேலை இருக்கும் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாசலில் வந்து நிற்கும் மகனிடமும் "நான் இங்கேயே இருந்துக்கறேன்பா, நீ போய் வா" என்று சொல்லி அனுப்பும் தாய்மார்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படித் தங்கிவிட்டவர்களை அக்கம்பக்கத்து வீடுகள் எப்படித் தாங்குகின்றன என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பிளாக்கில் இது நிலைத்திருப்பதற்கு இளையவர்களின் இரக்க குணம் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. முதியவர்களிடம் எங்களுக்குத் தேவையான ஒன்று இருக்கிறது. அவர்கள் பகலில் வீட்டில் இருக்கிறார்கள்.

கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிடும் வீடுகளில் இதன் அருமை நன்றாகத் தெரியும். கேஸ் சிலிண்டர் எந்த நேரத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரும்போது ஆள் இல்லையென்றால் வண்டி திரும்பிப் போய்விடும். கூரியர் பையன் கீழே நின்று கத்துவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அம்மா வரும்வரை எங்கேயாவது இருந்தாக வேண்டும். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஆயா, பூ கட்டிப் பிழைத்தவர், தம் வீட்டு நிலைப்படியில் உட்கார்ந்தால் மாடிப்படி முழுவதும் கண்ணில் படும். அவர் வீட்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, அக்கம்பக்கத்து வீட்டுச் சாவிகள் மாட்டப்பட்டிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவராதலால் ஒவ்வொரு சாவியிலும் வெவ்வேறு நிற நூல் கட்டி வைத்திருக்கிறார், எங்களுடையது சிவப்பு. சிலிண்டர்காரர் வந்தால், வேலைக்குப் போன பெண்ணுக்குப் போன் போட்டு ஓடிபி நம்பரை வாங்கி, ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதி செய்துகொண்ட பிறகே கதவைத் திறந்துவிடுவார். இத்தனை கவனமான ஆளைச் சம்பளத்துக்கு வைப்பதானால் எங்களில் யாருக்கும் கட்டுப்படியாகாது.

அவருக்கு வரவேண்டியவை வேறு வழியில் வந்து சேர்கின்றன. கீழேயிருந்து இரண்டு குடம் தண்ணீர் தினமும் காலையில் மேலே போய்விடும். தள்ளுவண்டியில் காய் வந்தால் அவர் கயிறு கட்டிய ஒயர் கூடையை இறக்குவார். கீழ்வீட்டு அக்கா நல்ல கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டு அனுப்புவார். இன்சுலின் குப்பி பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, தீர்வதற்கு முன்பே சொல்லுவது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் பொறுப்பு.

இந்த இருவழிப் போக்கு இல்லாமல் வெறும் உதவியாக மட்டும் செய்து பார்த்த காலமும் உண்டு. சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் "இப்பதான் சாப்டேன்மா" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா என்றால், இப்போது வலியே இல்லை என்பார்கள். வாழ்நாள் முழுவதும் மீன் விற்றும், மூட்டை சுமந்தும், வீட்டு வேலை செய்தும் தம் கையை ஊன்றி நின்றவர்களுக்குச் சும்மா வாங்கிக்கொள்வது பழகாத வேலை. "உங்க கிட்ட சாவி குடுத்துட்டுப் போறேன் ஆயா, சாயந்திரம் பாப்பா வந்தா கொஞ்சம் பாத்துக்கறீங்களா" என்று நாம் முதலில் கேட்டுவிட்டால், மறுநாள் தட்டில் போகும் இரண்டு இட்லி தடையில்லாமல் உள்ளே போகிறது.

இதையே கணக்கெழுதி நடத்திய நாடுகள் உண்டு. ஜப்பானில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி 1973-இல் ஒசாகாவில் ஓர் உழைப்பு வங்கியைத் தொடங்கினார். ஒருவர் மற்றவருக்காகச் செலவிட்ட நேரம் அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, அவருக்குத் தேவைப்படும்போது நேரமாகவே திருப்பித் தரப்பட்டது. 1990-களில் அங்கே பரவிய ஃபுரேஆய் கிப்பு என்னும் ஏற்பாட்டில் இன்னொரு வசதியும் இருந்தது: தான் வாழும் ஊரில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொண்டு சேர்த்த நேரத்தை, தூரத்து ஊரில் இருக்கும் தன் பெற்றோருக்கு அனுப்ப முடிந்தது. மறைமலைநகரில் இருக்கும் மகன் அங்கே ஒரு பெரியவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், அந்த நேரத்துக்கு இங்கே தண்டையார்பேட்டையில் அவன் தாய்க்கு ஒருவர் துணை வருவார் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் எட்கர் கான் என்ற சட்டப் பேராசிரியர் 1980-களில் இதே கருத்தைப் பரப்பினார். அவருடைய கணக்கில் வழக்கறிஞரின் ஒரு மணி நேரமும் பாத்திரம் துலக்குபவரின் ஒரு மணி நேரமும் ஒன்றுதான். நம் நாட்டில் மத்தியப் பிரதேச அரசு 2019-இல் நேர வங்கி ஒன்றை முன்னெடுத்தது.

எங்கள் பிளாக்கில் நேரத்தை எழுதி வைப்பதில்லை. எழுத முடியாது என்பதற்காக அல்ல. கல்யாணத்துக்குக் கல்யாணம் மொய் நோட்டைப் புரட்டி யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்துப் பழகிய நமக்கு, இதையும் அப்படி எழுதத் தொடங்கினால் சண்டையில்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிலைப்படியில் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பதை எத்தனை மணி நேரம் என்று எழுதுவது? ஆனால் எதையுமே எழுதாமல் விட்டுவிட்டாலும் எல்லா வேலையும் இரண்டு பெண்கள் தலையில் போய் விழுகிறது. மாடிப்படி முடியும் இடத்தில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. அதில் எந்த நாளில் எந்த வீடு தண்ணீர் எடுத்துக் கொடுப்பது, யார் மருந்துக்குப் போவது என்று பால்பாயிண்ட் பேனாவால் குறித்திருக்கும். செய்தவர் கணக்கு அதில் இல்லை. செய்ய வேண்டியவர் பெயர் மட்டுமே இருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரு முதியவர் என்று பிரித்துக் கொடுக்காமல் வேலைகளைப் பிரித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஒரு வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் தண்ணீர் நின்றாலும் மருந்து நிற்காது. காலண்டரில் ஆண்களின் பெயர் குறைவாகத்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மருத்துவமனையில் இரவு தங்குவதற்கும் சிலிண்டரை மேலே தூக்கிப் போடுவதற்கும் வருபவர்கள், கஞ்சி வைப்பதற்கும் பாத்திரம் எடுத்து வருவதற்கும் வருவதில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தா மட்டும் விதிவிலக்கு. தனக்கு உலை வைக்கும்போதே பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி போட்டுவிடுவார்.

தனியாக இருப்பவர்களைப் பற்றிய பெரிய பயம், விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்பதுதான். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. பால் போடுபவர் கதவில் தொங்கும் பையில் ஆவின் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஆறரை மணிக்கு மேலும் அந்தப் பை பாலோடு தொங்கினால், படியில் ஏறி இறங்குபவர் யாராக இருந்தாலும் கதவைத் தட்ட வேண்டும். இரண்டாவது சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கும். கதவுக்கு உள் தாழ்ப்பாள் போடாமல் பூட்டை மட்டும் பூட்டிக்கொண்டு படுப்பதற்குப் பெரியவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. திருட்டுப் பயம் அவர்களுக்கு அவ்வளவு எளிதில் போவதில்லை. குளியலறைக் கதவையும் சும்மா சாத்தினால் போதும், தாழிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ரமலான் மாதத்தில் இரண்டாம் மாடியில் இருக்கும் பாய் வீட்டில் நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹர் உணவுக்காக விடியற்காலையில் விளக்கு எரியும். அந்த மாதம் முழுவதும் அந்த நேரத்தில் ஓர் இருமல் சத்தம்கூட அவர்கள் காதில் விழாமல் தப்பாது.

பக்கவாத விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கண் ஒரு மருத்துவத் தகவலாகவே ஆகிவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரம், நோயாளி நன்றாக இருந்ததைக் கடைசியாக யாராவது பார்த்த வேளையிலிருந்து கணக்கிடப்படுகிறது. வாய் ஒரு பக்கம் கோணிப்போய், கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறி வருபவரால் தனக்கு எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. தொலைவில் இருக்கும் மகனுக்கும் தெரியாது. "ஒன்பது மணிக்குக் கூடையை இறக்கினாங்க, நல்லாத்தான் பேசினாங்க" என்று கீழ்வீட்டு அக்காவால் சொல்ல முடியும் என்பதால், 108 வண்டியில் ஏறிப் போகவேண்டியவர் அவர்தான். வண்டி எங்கள் சந்துக்குள் திரும்பாது. ஸ்ட்ரெச்சரும் எங்கள் படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் இருவரும் பின்னால் இருவருமாகப் பிடித்து இறக்குவதற்குப் பையன்கள் பழகியிருக்கிறார்கள்.

வழக்கமான வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான். ஓபி சீட்டுக்கு ஒருவர் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றுகொண்டால், பெரியவரை ஆட்டோவில் சாவகாசமாக அழைத்துப் போகலாம். முழங்கால் வலியோடு வரிசையில் நிற்பதை இது மிச்சப்படுத்துகிறது. முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு இந்தியாவில் முதன்முதலாக 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான், டாக்டர் வி.எஸ்.நடராஜன் முயற்சியால் வந்தது என்பதை இங்கே பலர் அறியமாட்டார்கள். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது. அது நகரத்தின் மறு கோடி என்றாலும், 2021-இல் மெட்ரோ விம்கோ நகர்வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் இடையில் மாறாமல் கிண்டியில் இறங்கலாம். எஸ்கலேட்டரைக் கண்டால் பெரியவர்களுக்குக் கால் நடுங்கும். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஓர் ஆள் கூட இருந்தால் போதும்.

காகித வேலைகள் தனி உலகம். ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்களுக்கு வரும் பி.எஃப். பென்ஷன், 2014 முதல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கும் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பாத்திரமும் துணியும் கழுவியே ரேகை அழிந்த விரலை எந்திரம் ஏற்பதில்லை. ஓர் அலுவலகத்தில் அப்படி ஓர் அம்மாவை "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். விரலில் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்ன ஆலோசனையும் நடந்தது. 2021 முதல் செல்போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று எடுக்க முடிகிறது. அஞ்சல் ஊழியரை வீட்டுக்கு வரவழைத்தும் செய்துகொள்ளலாம். எங்கள் பிளாக்கில் கல்லூரிப் பெண் ஒருத்தி இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பென்ஷன் வாங்கும் ஒரு தாத்தாவை ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார வைத்து, "தாத்தா, கண்ணைச் சிமிட்டுங்க" என்று அவள் சொல்ல, அவர் போட்டோ எடுப்பதாக நினைத்து விறைத்துக்கொண்டு உட்காருவார். அவளுக்குக் கணக்குப் பதிவியல் பாடத்தில் சந்தேகம் வந்தால் அவர்தான் சொல்லித் தருகிறார், ஏனென்றால் வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் பார்த்தது கணக்கு எழுதும் வேலைதான்.

அரசுத் திட்டங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தேவையற்றதாக்கிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீடுவரை கொண்டுவருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுவருகிறது. முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இவை பெரிய நிம்மதி. ஆனால் வரும் மாத்திரையில் எது காலைக்கு, எது இரவுக்கு என்று அட்டையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கப் பக்கத்து வீட்டுக் கை வேண்டும். அரிசி மூட்டை வரும் நாள் தெரிந்து கதவு திறந்திருக்க வேண்டும்.

எங்களால் முடியாதவையும் உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்துவிடும். காலண்டரில் பெயர் எழுதி அதைச் செய்ய முடியாது. அந்தக் கட்டத்தில் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அவர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது என்கிறது. பேச்சு எடுபடாத இடத்தில் முதியோருக்கான 14567 உதவி எண்ணைச் சொல்லிவிடுகிறோம். பணத்தைத் தொடுவதில்லை என்பது இன்னொரு கட்டுப்பாடு. ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் சேர்த்து நீட்டி "நீயே எடுத்துட்டு வாம்மா" என்று நம்பிக்கையோடு கேட்டாலும் வாங்கக் கூடாது. மகன் வந்து ஒருநாள் கணக்குக் கேட்டால், அத்தனை காலத்து நல்லெண்ணமும் ஒரு கேள்வியில் நொறுங்கிவிடும். கையைப் பிடித்து ஏடிஎம் வாசல்வரை அழைத்துப்போவோம். பட்டனை அவர்களே அழுத்தட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வரவு செலவு தலைகீழாக மாறியது. வடசென்னையின் பல பகுதிகளில் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆயிற்று; மின்சாரமும் இல்லை. எங்கள் தரைத்தளத்து வீடுகளில் கட்டில் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியபோது, மாடியை விட்டு இறங்க முடியாது என்று நாங்கள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த அதே பெரியவர்களின் வீடுகளில்தான் கீழ்வீட்டுக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு போய்த் தங்கின. ஆயா தம் ஒற்றை அறையில் எல்லோருக்கும் பாய் விரித்து, யார் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாள்களுக்குப் பிறகு அவர் யாரிடமும் தண்ணீர்க் குடத்துக்குத் தயங்கி நின்றதில்லை.

இப்போது எங்களுக்கு வந்திருக்கும் கவலை வேறு. பழைய அடுக்குகளை இடித்துப் புதிதாக, உயரமாக, லிஃப்ட்டோடு கட்டும் வேலை நகரமெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் பிளாக்கும் ஒருநாள் பட்டியலில் வரும். லிஃப்ட் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் இடித்துக் கட்டி முடிக்கும்வரை ஒவ்வொரு குடும்பமும் வாடகைக்கு ஒவ்வொரு பக்கம் சிதறும். திரும்பி வரும்போது குலுக்கலில் எந்த மாடி, யார் எதிர்வீடு என்பது எல்லாம் மாறிவிடும். தனியாக இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அந்த இடைக்காலத்தில் வாடகை வீடு தரவே பலர் யோசிப்பார்கள் என்பது வேறு கதை. குடியிருப்போர் கூட்டத்தில் நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் மனுவில் இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன. தற்காலிகமாக வெளியேறும்போது முதியவர்களுக்குப் பக்கத்திலேயே, அதே வார்டுக்குள் தங்க இடம் வேண்டும். புதிய வீடுகளை ஒதுக்கும்போது, ஒரே படிக்கட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவர்கள் விரும்பினால் ஒரே தளத்தில் குழுவாகக் கேட்டுப் பெற வழி இருக்க வேண்டும். மனுவை எழுதுவது துறைமுகத் தாத்தா. கையெழுத்து வாங்க மாடி மாடியாக ஏறுவது கல்லூரிப் பெண். ஆயாவின் கைரேகை தாளில் நன்றாகவே விழுந்திருக்கிறது.